இருபது போதும்னு எழுதுன வரி

அந்தக் கண்டக்டர் என்னைப் பாத்துச் சிரிச்சாரே, கவனிச்சீங்களா? ஒண்ணுமில்லீங்க. போன மாசம் ரெண்டு வாட்டி இதே பஸ்ல கருக்கன்வலசுக்கு டிக்கெட் எடுத்தேன். ரெண்டு வாட்டியும் அங்க இறங்காம முத்தூர் வரைக்கும் போயி, ஒரு டீயைக் குடிச்சுட்டு, இதே பஸ்லயே காங்கேயம் திரும்பிட்டேன். இன்னைக்கு ஏறுனதும், கருக்கன்வலசுங்களா முத்தூருங்களான்னு கேட்டாரு. கருக்கன்வலசுதான்னு சொன்னேன். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு.

நீங்களும் கருக்கன்வலசுதானுங்களே? டிக்கெட் எடுக்கறப்ப காதுல விழுந்துச்சு. பொறந்த ஊருங்களா, கட்டிக்குடுத்த ஊருங்களா? ஓ, வாக்கப்பட்டு வந்து பதினாலு வருசமா. நல்லதுங்க. நானா? எனக்கு அங்க ஒறம்பரை, சொந்தம்னு யாரும் இல்லீங்க. ஒருத்தரைப் பாக்கணும். பாருங்க, பழம் வாங்கியிருக்கேன். ஒவ்வொரு வாட்டியும் வாங்குவேன். போன ரெண்டு வாட்டி வாங்குனதை நானும் எங்க வீட்டுக்காரருந்தான் தின்னோம். அவரு கேக்கறாரு, யாரைப் பாக்கப் போயிட்டு பழத்தோட திரும்பி வர்றேன்னு. அவருகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன்.

உங்ககிட்ட சொன்னா என்னங்க. பஸ்ஸை விட்டு இறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. பேரு மட்டும் சொல்ல மாட்டேன். சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டா அங்க போயி நிக்கறப்ப வாய் வரும், அதுக்காகத்தான். இல்லைன்னா இன்னைக்கும் முத்தூர்தான்.

நான் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறவ. பெரிய கம்பெனி எல்லாம் இல்லீங்க, காங்கேயத்துல ஒரு தவிட்டுக் கடைக்கு மேல மாடியில ஒரு ரூம்பு, நான் ஒருத்தி மட்டும். அரிசி மில்லு, தேங்காய்க் களம், ரெண்டு பள்ளிக்கூடம், இப்படி எல்லாத்துக்கும் வெப்சைட்டு எழுதிக் குடுப்பேன். பண்ணுனா சுத்தமா பண்ணுவேன். கோகிலவாணி பண்ணுன வேலையில நொட்டை சொல்ல முடியாதுன்னு ஊருக்குள்ள ஒரு பேரு. பொய் புரட்டு பேசத் தெரியாது, அது எங்கப்பாகிட்ட இருந்து வந்தது.

ஒரு அறக்கட்டளைங்க. அதோட பேரும் வேண்டாம். படுத்த படுக்கையா கெடக்கறவங்க இருக்காங்களே, பக்கவாதம், புத்துநோய், மரத்துல இருந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சவங்க, அவங்க வீட்டுக்கே நர்ஸை அனுப்பிப் பாத்துக்கறாங்க. மூணு சிஸ்டருங்க. ஆளுக்கு தினம் பத்து வீடு. புண்ணுக்குக் கட்டு மாத்தறது, மூத்திரக் குழாய் மாத்தறது, தலைக்கு ஊத்தி விடறது. போன வீட்டுல என்ன பாத்தோம், என்ன பண்ணுனோம்னு ஒவ்வொருத்தரும் எழுதி வெக்கணும். முந்தி நோட்டுல எழுதுனாங்க. நான்தான் அதை போனுக்கு மாத்திக் குடுத்தேன். அவங்க போன்ல எழுதுனா, ஆபீஸ்ல செயலாளர் திரையில தெரியும்.

செயலாளர் சாமியப்பன் ஐயா. பால் சொசைட்டியில இருந்து ரிட்டையர் ஆனவரு. நல்ல மனுசன்தான். நாளெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப மாட்டாரு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீசைப் பூட்டறதுக்கு முன்னாடி மட்டும் கம்ப்யூட்டரைத் திறந்து, யாரு எத்தனை வீட்டுக்குப் போனாங்கன்னு பாப்பாரு. பாத்துட்டுத்தான் செருப்பைப் போடுவாரு.

சிஸ்டருங்களுக்கு ஒரு நாள் நானே உக்காந்து சொல்லிக் குடுத்தேன். ஒவ்வொரு வீட்டுலயும், வாசலை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி எழுதிருங்க, அப்பறம் எழுதிக்கலாம்னு சேத்து வெக்காதீங்கன்னு நூறு வாட்டி சொன்னேன். மூணு பேரும் தலையை ஆட்டுனாங்க. கலைவாணியும் ஷகிலாவும் சின்னப் புள்ளைங்க. அஞ்சு மணிக்கு ஆபீசுக்கு வந்து, ஃபேனுக்குக் கீழ உக்காந்து, பத்து வீட்டையும் மொத்தமா எழுதுவாங்க. அந்தப் பெரிய சிஸ்டர் ஒருத்தர் மட்டும் நான் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. அம்பது அம்பத்திரண்டு வயசு இருக்கும். ஒவ்வொரு வீட்டுலயும் அங்கயே நின்னு, ஒரு விரலால குத்திக் குத்தி எழுதுவாங்க. எழுத்தும் எப்படிங்கறீங்க? மத்தவங்க "கட்டு மாற்றப்பட்டது"ன்னு எழுதுனா, இவங்க "ரெண்டு வாய் கஞ்சி குடிச்சார், பேத்தி வந்ததால் சந்தோசமாக இருக்கிறார்"னு எழுதுவாங்க. எனக்குச் சிரிப்பா இருக்கும். மூணரை மணிக்கு கடைசி வீட்டை முடிச்சுட்டு அப்படியே அவங்க ஊருக்குப் போயிருவாங்க. கடைசி வீடு அவங்க ஊருலயேதான்.

இதுல என்ன தப்பு வரப் போகுதுன்னுதானே கேக்கறீங்க? வந்துச்சு. ஒரு வரிதானுங்க.

ரெண்டு வருசம் நல்லா ஓடுச்சு. போன புரட்டாசியில சாமியப்பன் ஐயா கூப்பிட்டு, பக்கம் திறக்கறதுக்குள்ள ஒரு டம்ளர் காப்பி ஆறிப் போகுதும்மான்னாரு. பாத்தேன். மூணு சிஸ்டர், ரெண்டு வருசம், பதினெட்டாயிரம் குறிப்பு சேந்து போச்சு. ஒவ்வொரு வாட்டி அவரு திறக்கறப்பவும் அத்தனையும் தூக்கிட்டு வருது. அவரு பாக்கறது என்னமோ கடைசி ஒண்ணு ரெண்டு நாள். அவ்வளவையும் எதுக்குச் சுமந்துட்டு வரணும்?

எங்க வேலையில எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுத மாட்டோமுங்க. செவுரு எழுப்பி, கதவு நிலை வெச்ச வீடு மாதிரி ஒண்ணு இருக்கும், ஃபிரேம்வொர்க்குன்னு சொல்லுவோம். நாம அறையைப் பிரிச்சுக்கிட்டா போதும். சிஸ்டருங்களைக் கொண்டா, கூடவே அவங்கவங்க குறிப்பையும் கொண்டான்னு ஒரே வரியில எழுதலாம். நான் அந்த வரியில ஒரு சொல்லைச் சேத்தேன். புதுசுல இருந்து எண்ணி இருபது போதும்னு. அவ்வளவுதான். ஒரு சிஸ்டருக்கு இருபது, மூணு பேருக்கு அறுபது. பதினெட்டாயிரம் எங்க, அறுபது எங்க.

என் மனசுல அப்படி. கம்ப்யூட்டர் அப்படி எடுத்துக்கலீங்க.

எப்படிச் சொல்றது. நீங்க கல்யாணப் பந்தியில நிக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. பரிமாறறவருகிட்ட ஒரு வரிசை எலையைக் காட்டி, வடை மூணு போடுங்கன்னு சொல்றீங்க. நீங்க நினைக்கறது எலைக்கு மூணு. அவரு எடுத்துக்கிட்டது அந்த வரிசைக்கே மூணு. முதல்ல எந்த எலை கண்ணுல படுதோ அதுல போட்டுட்டுப் போயிட்டாரு. மிச்ச எலை வெறும் எலையாக் கெடக்குது. அவரு மேல தப்பு இல்லை. எலைக்குன்னு நான் சொல்லலை. எல்லா சிஸ்டரோட குறிப்பையும் ஒண்ணாக் கொட்டி, அதுல புதுசா இருக்கற இருபதை எண்ணி எடுத்து, அதையே மூணு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டுப் போயிருச்சு. எங்க தொழில்ல ரொம்பப் பேரு விழுந்து எந்திரிச்ச குழிதான் இது. புதுப் பதிப்புல சரி பண்ணிட்டாங்களாம். எங்க சர்வர்ல இருந்தது பழசு.

சோதிச்சுப் பாக்காம விட்டேனான்னா, பாத்தேனுங்க. என்கிட்ட இருந்த மாதிரிக் கணக்குல ஒரே ஒரு சிஸ்டர். சும்மா ஒரு பேரு போட்டு, அம்பது குறிப்பு ஏத்தி வெச்சிருந்தேன். திறந்தேன், கண்ணிமைக்கறதுக்குள்ள வந்துச்சு. எண்ணுனேன். இருபது. ஒரே எலை போட்டுச் சோதிச்சா வடை சரியாத்தானே வரும்.

அடுத்த நாள் சாமியப்பன் ஐயா போன் பண்ணி, பறக்குதும்மான்னாரு. மாசக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு என் பேரைச் சொல்லிக் கை தட்டச் சொன்னாராம். திருப்பூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இதே மாதிரி வேணும்னு கேக்கறாங்க, உன் பேரைச் சொல்லியிருக்கேன்னும் சொன்னாரு. அப்ப எனக்கு இருந்த சந்தோசத்தை ஏன் கேக்கறீங்க.

இப்ப நீங்களே பாருங்க. ஆறு மணிக்கு அவரு திறக்கறாரு. அஞ்சு மணிக்கு வந்து கலைவாணி எழுதுனது பத்து. ஷகிலா எழுதுனது பத்து. கச்சிதமா இருபது. காலையில ஒம்பது மணியில இருந்து ஒவ்வொரு வீட்டுலயும் நின்னு நின்னு எழுதுனாங்களே அந்தப் பெரிய சிஸ்டர், அவங்க எழுதுனதெல்லாம் பழசாப் போச்சு. அவங்க பேருக்குக் கீழ ஒண்ணுமில்லை. "வருகை இல்லை"ன்னு சிவப்பு எழுத்துல வந்துச்சு. அந்தச் சிவப்பு எழுத்து நான் வெச்சதுதான், பளிச்சுன்னு தெரியட்டும்னு.

தினமும் ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தாக்கூட, என்னமோ கோளாறுன்னு அவருக்குத் தோணியிருக்கும். சில நாள் ஷகிலா ஒம்பது வீடுதான் போவா. அன்னைக்கு இருபதுல ஒரு எடம் காலியாகும். அதுல பெரிய சிஸ்டரோட கடைசி வீடு வந்து உக்காந்துக்கும். கடைசி வீடு அவங்க ஊருலயே இருக்கற வீடு. அப்ப பாக்கறவருக்கு என்ன தோணும்? வேலைக்கே போறதில்லை, எப்பவாச்சும் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீட்டை எட்டிப் பாத்துட்டு வந்துருதுன்னுதானே தோணும்.

சொன்னதைக் கேட்டு நடந்தது அவங்க ஒருத்தர். அடி விழுந்தது அவங்களுக்கு. எழுதுனது நான்.

மூணு வாரம் கழிச்சு சாமியப்பன் ஐயா போன் பண்ணுனாரு. இப்படி இப்படித் தெரியுதும்மா, கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமான்னு கேட்டாரு. பாருங்க, அவரு கேட்டாருங்க. வயசான மனுசன், ஒண்ணும் தெரியாதவரு, அவரு கேட்டாரு. நான் அப்ப ஒரு பள்ளிக்கூடத்துக்கு மார்க் ஷீட் எழுதிட்டு இருந்தேன், அதுல மூழ்கியிருந்தேன். திறந்துகூடப் பாக்காம, "சிஸ்டம் பொய் சொல்லாதுங்க ஐயா"ன்னேன்.

அதைச் சொன்னப்ப எனக்கு ஒரு தப்பும் தெரியலை. அதுவரைக்கும் எனக்கே தெரியாதுங்களே. அதை என் கணக்குல சேக்க முடியாது.

அடுத்த நாள் அந்த சிஸ்டரே கூப்பிட்டாங்க. ஐயா அவங்ககிட்டயும் கேட்டிருக்காரு போல. எல்லாரையும் கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. "கண்ணு, நான் எழுதறது எங்க போகுது?"ன்னு கேட்டாங்க. கோவமா இல்லீங்க. வீட்டுல ஏதோ பாத்திரத்தைக் காணோம், நீ பாத்தியான்னு கேக்கற மாதிரி. ஸேவ் பட்டனை ஒழுங்கா அமுத்தறீங்களான்னு நான் கேட்டேன். ரெண்டு வருசமா அமுத்தறவங்களை. அமுத்தறேன் கண்ணு, என் போன்ல தெரியுதேன்னாங்க. எனக்கு அப்பத்தான் சுருக்குன்னுச்சு. பாத்துட்டுச் சொல்றேன்னு வெச்சுட்டேன்.

அந்த வரியைத் திறந்து பாத்தா, பத்தே நிமிசமுங்க. பாத்ததும் தெரிஞ்சு போச்சு.  எழுந்து போயி மூஞ்சி கழுவிட்டு வந்து, அந்த வரியை அழிச்சு, ஒவ்வொரு சிஸ்டருக்கும் தனித்தனியா இருபதுன்னு திருத்தி ஏத்தி விட்டேன். மதியம் சோத்துக்கு முன்னாடியே முடிஞ்சுது. மூணு பேருக்குக் கீழயும் இருபது இருபதா நின்னுச்சு. சரியாயிருச்சு, இனி யாருக்கும் பாதகம் இல்லைன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

இதுவரைக்கும் எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லியிருக்கேன். அவரு, ஒரு வரிதானே கோகிலா, திருத்திட்டேல்ல, விடுன்னாரு. தப்பு பண்ணாத மனுசன் யாருங்க. நானும் அந்த வரியைத்தான் தினமும் நினைச்சுக்கறேன். எலைக்கு மூணுன்னு எழுதாம விட்டேனே, விட்டேனேன்னு.

பஸ் ஏன் நிக்குது? ஓ, ஆட்டு மந்தையா. போகட்டும். எனக்கொண்ணும் அவசரமில்லை.

அப்பறம் என்னாச்சுன்னா, அன்னைக்கு ஆறு மணிக்கு சாமியப்பன் ஐயா மறுபடி கூப்பிட்டாரு. என்னம்மா இது, நேத்து வரைக்கும் ஒண்ணுமில்லை, இன்னைக்குத் திடீர்னு நேத்துத் தேதி எல்லாம் போட்டு இருபது வரிசையா நிக்குது, எப்படி வந்துச்சுன்னாரு.  அந்த நேரம் திருப்பூர் ஆஸ்பத்திரிக்காரங்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தாங்க. சாமியப்பன் ஐயா சொல்லித்தான் அது வந்தது. நான் எழுதுனதுல தப்புன்னு இவருக்குத் தெரிஞ்சா, அவங்களுக்குத் தெரியறதுக்கு எத்தனை நேரமாகும்? அது மட்டும்னு இல்லை. கை தட்டுனாங்களேங்க.

"அவங்க இப்பத்தான் மொத்தமா ஏத்தியிருப்பாங்க ஐயா."

அப்படித்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. ஏத்துனாங்கன்னு அடிச்சுச் சொல்லலீங்க, ஏத்தியிருப்பாங்கன்னுதான் சொன்னேன். ஒரு யூகம் மாதிரி. அவரு அதை எப்படி எடுத்துக்கிட்டாருங்கறதுக்கு நான் என்ன பண்ண முடியும்? இவரு கேட்டதும் பயந்துக்கிட்டு, போகாத வீட்டுக்கெல்லாம் போனதா உக்காந்து எழுதிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டாரு. நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவரு நேரத்தைப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு குறிப்பும் எந்த நாள், எத்தனை மணிக்கு எழுதுனதுன்னு உள்ள பதிவாயிருக்குது. காலையில ஒம்பதே கால், ஒம்பது அம்பத்தஞ்சு, பத்து முப்பத்தஞ்சுன்னு வரிசையா. திரையில தேதி மட்டும் காட்டற மாதிரி வெச்சிருந்தேன், நேரமும் சேத்தா எடத்தை அடைக்குதுன்னு. காட்டுன்னு அவரு கேட்டிருந்தாக் காட்டியிருப்பேன். அவரு கேக்கலை.

நான் கேக்காமயே காட்டியிருக்கலாமுங்களா? காட்டியிருக்கலாம். ஆமாங்க.

அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டாராம். ஆபீஸ்ல கலைவாணி, ஷகிலா எல்லாரும் இருக்கறப்பவே. கலைவாணிதான் எனக்குச் சொன்னா. அவங்க அழலியாம், சத்தம் போடலியாம். நான் போன வீட்டுல கேட்டுப் பாருங்கன்னு மட்டும் சொன்னாங்களாம். அந்த வீட்டுக்காரங்க உனக்கு ஏத்த மாதிரித்தானே சொல்லுவாங்கன்னாராம் இவரு. அப்பறம் அந்த சிஸ்டர் எனக்கு ஒரு வாட்டி போன் பண்ணுனாங்க. நான் எடுக்கலை. வண்டி ஓட்டிட்டு இருந்தேன். இல்லை, ஓட்டலை. உக்காந்துட்டுத்தான் இருந்தேன். போன் மேசை மேல அடிச்சுட்டே கெடந்துச்சு, நின்னதும் கவுத்து வெச்சேன்.

ஐப்பசிக் கடைசியில அவங்களை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க. சாமியப்பன் ஐயா என்கிட்டப் பெருமூச்சு விட்டாரு. பதினோரு வருசம் நம்பி வெச்சிருந்தேன், அருளாயி இப்படிப் பண்ணும்னு நினைக்கலை, உன் புரோகிராம் இல்லைன்னா தெரிஞ்சே இருக்காதுன்னாரு.

ஐயோ, பேரைச் சொல்லிட்டேனுங்களா.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரியாம எப்படி இருக்கும், ஒரே ஊரு. சரி, தெரிஞ்சவங்ககிட்டயே சொல்லிட்டேன். சொன்ன வரைக்கும் நல்லதுன்னு வெச்சுக்கறேன். நான் என்ன சும்மாவா போறேன்? பாருங்க, பழத்துக்குக் கீழ கவர்ல ஒரு கடுதாசி இருக்குது. சாமியப்பன் ஐயாவுக்கு எழுதுனது. முதல்ல அருளாயி சிஸ்டர்கிட்டக் காட்டிட்டு அப்பறம் அவருகிட்டக் குடுக்கலாம்னு. மாசக்கணக்கா வெச்சிருக்கேன். நாலு வாட்டி திருத்துனேன். கேளுங்க, வாசிக்கறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, நமது மென்பொருளில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, கடந்த புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் சில பதிவுகள் சில நாட்கள் திரையில் தோன்றாமல் இருந்திருக்கலாம் எனத் தெரிய வருகிறது. கோளாறு உடனடியாகச் சரி செய்யப்பட்டுவிட்டது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

நல்லா வந்திருக்குதுங்களா? யாரையும் குத்தம் சொல்லலை பாருங்க. என்னங்க? சிஸ்டர் பேரு எங்கயும் இல்லையா? பேரு போட வேண்டாமேன்னு விட்டேன். அவங்க பேரை மறுபடி இழுக்கணுமான்னு. வருந்துகிறோம்னா, அது, பொதுவா அப்படித்தான் எழுதறது. ஆமாங்க, நான் ஒருத்திதான்.

அவங்க எப்படி இருக்காங்க? சொல்லுங்க, பரவால்லை. பக்கத்துல ஏதாச்சும் ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கும்னு நினைச்சேன். இல்லையா? எங்கயும் சேத்துக்கலியா? எதுக்கு நிப்பாட்டுனாங்கன்னு கேக்கறாங்களா. கேப்பாங்கதான்.

உங்க மாமியாரையா? அடப்பாவமே, எத்தனை நாளா? ஒரு பக்கம் கையும் காலும் வரலையா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்து பாத்துக்கறாங்களா, அவங்களாகவேயா? அங்க இன்னும் நாலு வீட்டுக்கும் போறாங்களா. யாரும் அனுப்பாமயேவா. முதுகுல புண்ணு வராம பொரட்டிப் போடச் சொல்லிக் குடுத்தாங்களா. அதெல்லாம் அவங்களுக்கு நல்லாத் தெரியுமுங்க. தலைக்கு ஊத்தி, சீவி, பொட்டு வெச்சுட்டுத்தான் போவாங்க. அதையும் குறிப்புல எழுதுவாங்க.

நோட்டா? என்ன நோட்டு?

சித்த இருங்க. மறுபடி சொல்லுங்க. வந்த நேரம், போன நேரம், என்ன பண்ணுனாங்க, எல்லாம் நோட்டுல எழுதிட்டு, கீழ உங்ககிட்டக் கையெழுத்து வாங்கறாங்களா? ஒவ்வொரு வாட்டியுமா? நீங்க வீட்டுல இல்லைன்னா உங்க மாமியாரு வெரலை மையில தொட்டு வெச்சுக்கறாங்களா? வராத கையையா, வர்ற கையைத்தான். சரிங்க. உங்களை நாங்க நம்பாமலா சிஸ்டர், எதுக்கு இதெல்லாம்னு நீங்க கேட்டீங்க. அவங்க என்ன சொன்னாங்க?

"யாராச்சும் கேட்டாக் காட்டணும் கண்ணு."

யாரு கேக்கறாங்க இப்ப? யாரும் கேக்கலையேங்க. அனுப்பறதுக்கு ஆளில்லை, பாக்கறதுக்குத் திரை இல்லை. நாலு மாசமா யாருக்குங்க காட்டறதுக்கு எழுதறாங்க? ரெண்டாவது நோட்டு நடக்குதா. முதல் நோட்டு முடிஞ்சு, அதைத் துணியில சுத்திப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்களா.

என்னைக் குத்தறது அந்த வரி இல்லீங்க. ஒரு வரி தப்பா எழுதறது யாருக்கும் வரும், திருத்துனேன், ஒரு பகல்ல முடிஞ்சுது. வாயில இருந்து வந்த அந்த ஒரு வார்த்தை. "ஏத்தியிருப்பாங்க." அதைத்தான் நான் திருத்தவே இல்லை. இத்தனை நேரம் உங்களுக்குப் பந்தியும் எலையும் வடையும் சொல்லிட்டு வர்றேன் பாருங்க. எங்க வீட்டுக்காரருகிட்டயும் அதைத்தான் சொன்னேன். நான் பொய் சொன்னேனுங்க. தெரிஞ்சே சொன்னேன். அவங்க அன்னன்னைக்கே எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியும், நேரத்தை என் கண்ணால பாத்துட்டு, அப்பறம்தான் அந்த போனை எடுத்தேன்.

அந்த வேப்ப மரம் உங்க ஊரு எல்லைதானுங்களே? ரெண்டு வாட்டி பாத்திருக்கேன். இதைத் தாண்டுனதும்தான் நான் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்குவேன்.

உங்ககிட்டப் பேனா இருக்குங்களா? குடுங்க. இந்தப் பழத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. இல்லை, நீங்களே வெச்சுக்குங்க, மாமியாருக்குக் குடுங்க. பழத்தோட போனா சோறு போட்டு உக்கார வெச்சிருவாங்க, அப்பறம் நான் வாயே திறக்க மாட்டேன்.

"இருந்திருக்கலாம் எனத் தெரிய வருகிறது." இதை அடிச்சர்றேன். "வருந்துகிறோம்." இதையும். எல்லாத்தையும் அடிச்சர்றேன். கீழ எடம் இருக்குது. பஸ் ஆடுது, எழுத்து கோணலா வருதுங்க. இருக்கட்டும். "அருளாயி சிஸ்டர் எல்லாக் குறிப்பும் அந்தந்த வீட்டில் அந்தந்த நேரத்துக்கே எழுதினார். திரையில் வராதது என் தப்பு. மொத்தமாக ஏற்றியிருப்பார் என்று நான் உங்களிடம் சொன்னது பொய். உண்மை தெரிந்த பிறகு சொன்ன பொய்." போதுங்களா? கீழ என் கையெழுத்து. இந்தாங்க, தேதியும் போட்டுட்டேன்.

கண்டக்டரே, இறங்கறேனுங்க. இன்னைக்கு இறங்கறேன். விசில் அடிங்க.

பக்கத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடுவீங்களா? நான் சொல்லக் கேட்டேன்னு. சாமியப்பன் ஐயா நாளைக்கு இதைப் படிக்கறப்ப, வேற ஆளு சொல்லி எழுதுனதுன்னு நினைக்கக் கூடாது. நானே இன்னொரு வாட்டி மாத்திப் பேசுனாலும் பேசுவேன், என்னை எனக்குத் தெரியும். இங்கயே, என் பேருக்குக் கீழ. ரொம்ப நன்றிங்க.

என்னங்க? நேரமுங்களா? ஆமாங்க. நேரமும் போடணும். அவங்க போடுவாங்களே.

மணி என்னங்க இப்ப?